முதலில் டப்பா, அப்புறம் லென்ஸ்

மாமாவின் லென்ஸைக் கையில் வாங்கிய கேமரா ரிப்பேர் பாய், இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக டார்ச் அடித்தார். "நேரா பாக்காதம்மா, கொஞ்சம் சாய்ச்சுப் பாரு" என்றார். நேராகப் பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. சாய்த்ததும் உள்ளே ஓர் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. அது கிளை விட்டு, அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை விட்டு, இலை உதிர்ந்த கருவேல மரம் மாதிரி பரவியிருந்தது. மொத்தமாகவே ஒரு மிளகு அகலம்தான் இருக்கும்.

"பூசணம் பூத்துருச்சு. ரெண்டாவது கண்ணாடிக்கு உள்பக்கம். வெளிய எவ்வளவு தொடைச்சாலும் போகாது. கழட்டணும்."

மாமா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 90களில் வாங்கிய நிக்கான் ஃபிலிம் கேமராவும் கையால் ஃபோகஸ் செய்கிற 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் அவருடையவை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் காதுகுத்திலிருந்து பெரியக்கா கல்யாணம் வரை இருக்கிற படங்கள் எல்லாம் அந்த லென்ஸ் வழியாக வந்தவைதான். ஃபிலிம் கிடைப்பது குறைந்த பிறகு அதை மெல்லிய துணியில் சுற்றி, தோல் உறைக்குள் போட்டு, பீரோவின் மேல் தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பூச்சி வரக்கூடாதென்று இரண்டு பாச்சை உருண்டையும் போட்டார். அவ்வளவு அக்கறை. ஆனால் துணி, தோல் உறை, பாச்சை உருண்டை மூன்றுமே லென்ஸுக்கு ஆகாதவை. அது அவருக்குத் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

நான் சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்குப் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண வேலை. அதனால் சொந்தக்காரர்களும் தெரு பிள்ளைகளும் "அக்கா, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் உடனே மாடல் பெயர் சொல்லிவிடுவேன். இப்போது "வாங்கி எங்கே வைக்கப் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பணம் குறைவாக இருந்தால் லென்ஸில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, காற்றுப் புகாத டப்பாவையும், காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் ஈரமானியையும் விடக்கூடாது. சேலத்துக்காரர்களுக்கும், அதைவிட ஏற்காட்டுக்காரர்களுக்கும், நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

பூசண வித்துகள் எங்கும் இருக்கின்றன. நாம் மூச்சு விடுகிற காற்றிலும், புதிதாகப் பிரித்த லென்ஸுக்குள்ளும்கூட இருக்கலாம். அவை முளைக்க ஈரம் வேண்டும், கொஞ்சம் தீனி வேண்டும். கண்ணாடியில் படிந்த தூசியும் விரல் எண்ணெயும் தீனிக்குப் போதும். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அது முளைத்து நூல் விடும். வளரும்போது அமிலம் கசியும். அந்த அமிலம் கண்ணாடி மேலிருக்கும் மெல்லிய பூச்சை அரித்துவிடும். பூசணத்தைத் துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் அப்படியே நிற்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்கும், விட்டால் இல்லை.

ஏற்காட்டுக் காற்று ஏன் இவ்வளவு மோசம் பண்ணுகிறது? சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆகவே மேலே போனதும் எட்டு டிகிரி வரை குறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. கீழே சாதாரணமாக இருந்த அதே காற்று, மலையேறியதும் நிறைந்து வழிகிற நிலைக்கு வந்து மூடுபனியாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மாமா வீட்டில் துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். உப்பு நீர்த்துப்போகிற வீட்டில் லென்ஸ் வெறுமனே கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தோல் உறையும் கேமரா பையும் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். பை எடுத்துப் போவதற்கு மட்டும்தான், குடியிருக்க அல்ல. பாச்சை உருண்டையின் ஆவி கேமராவுக்கு ஆகாது. கற்பூரமும் சேராது. நிக்கான் தன் கையேடுகளிலேயே இவற்றோடு வைக்காதீர்கள் என்று அச்சடித்திருக்கிறது. நம் வீடுகளில் இரண்டில் ஒன்றாவது பீரோவில் கட்டாயம் இருக்கும். சிலர் அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைத்து வைக்கிறார்கள். அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது, அதன் மாவுதான் ஜூம் வளையத்துக்குள் போய் உட்காரும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. பூசணத்தின் வளர்ச்சி நிற்கலாம், தடம் போகாது. லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து, பின்னால் இருக்கிற துணியைப் பொசுக்கிவிடவும் செய்யும்.

சரி, டப்பா. சமையலறைச் சாமான் வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கம் கிளிப்பும் இருக்க வேண்டும். அதற்குள் அரைக்கிலோ சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். ஒரு சின்ன ஈரமானியை வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். ஈரம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. முப்பதுக்குக் கீழே போக விடாதீர்கள், ரப்பரும் உள்ளே இருக்கிற மசகும் காய்ந்துபோகும்.

சிலிக்கா மணிகளில் நிறம் மாறுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆனால் அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆரஞ்சு மணிதான் வீட்டுக்கு நல்லது, ஈரம் குடித்தால் கரும்பச்சையாகிவிடும். பச்சையானதும் தூக்கிப் போட வேண்டாம், வறுத்தால் திரும்ப வேலை செய்யும். சுமார் 120 டிகிரி சூட்டில் ஓரிரண்டு மணி நேரம் போதும். நான் ஒரு பழைய இரும்பு வாணலியை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன், அதில் சமையல் கிடையாது. அடுப்பைச் சிம்மில் வைத்துக் கரண்டியால் மெதுவாகப் புரட்டுவேன். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாணலிக்கு மேலே தட்டைப் பிடித்தால் முத்து முத்தாக நீர் சேரும். அது அத்தனையும் என் லென்ஸைச் சுற்றி இருந்த ஈரம். ஓரத்து மணிகள் பழுப்பாகி, பிறகு ஒவ்வொன்றாக ஆரஞ்சுக்குத் திரும்பும். சூட்டை ஏற்றினால் மணி கருகிப்போகும், பிறகு உதவாது. நன்றாக ஆறிய பிறகுதான் பையில் கட்ட வேண்டும். அதற்காக இரவெல்லாம் திறந்து போட்டால் மறுபடி ஈரம் குடித்துவிடும். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஆற விடுங்கள்.

ஈரமானி காட்டுவது சரிதானா என்று அடுப்படியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆகிற அளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று பொருள், டப்பாவில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். கரைந்தது போக உப்பு மிச்சமிருக்கும் வரை அந்தப் பைக்குள் ஈரம் 75லேயே நிற்கும், அது உப்பின் குணம்.

கரண்டில் ஓடி உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கிற அலமாரி, டிரை கேபினெட், இன்னும் சௌகரியம். மூன்று லென்ஸுக்கு மேல் சேர்ந்ததும் நானும் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு கேமரா, ஒரு லென்ஸ் வைத்திருப்பவருக்கு டப்பாவே தாராளம். எதில் வைத்தாலும் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, ஜூம் வளையத்தைத் திருப்பி, நாலு படமாவது எடுங்கள்.

மலை இறங்கும்போது நடக்கிற இன்னொரு சங்கடம் பலருக்குத் தெரியவில்லை. மார்கழி விடியலில் ஏற்காட்டுப் பகோடா பாயிண்ட்டில் நின்று படம் எடுத்தால் கேமராவின் உலோகம் முழுவதும் சில்லிட்டுவிடும். பிறகு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் டீக்கடையில் நின்று, எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்று பையைத் திறப்போம். கீழே காற்று வெதுவெதுப்பாக, நீராவியோடு இருக்கும். சில்லிட்ட கண்ணாடியில் அது பட்டதும் ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரி வியர்த்துவிடும். முன்கண்ணாடியில் வியர்த்தால் காய்ந்துவிடும். உள்ளே போனால்தான் கஷ்டம். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரே வியர்க்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மேலேயே மெமரி கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது பையைத் திறக்கிற ஆசை வராது. கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, அதைக் கேமரா பைக்குள் வையுங்கள். வீடு வந்த பிறகும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் திறக்க வேண்டாம். வியர்ப்பதெல்லாம் ஜிப் பைக்கு வெளியே வியர்க்கட்டும். கல்யாணத்தில் ஏசி மண்டபத்திலிருந்து வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓடும்போதும் இதே கதைதான். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாதே. அதனால் நான் ஒரு கேமராவை அழைப்பு முடிகிற வரை ஏசி இல்லாத இடத்திலேயே தங்கையிடம் கொடுத்து வைக்கிறேன்.

இனி வாங்குவதைப் பற்றி. பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை விட லென்ஸ் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் எந்த லென்ஸ் என்பது நீங்கள் எதன் முன்னால் போய் நிற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் நிற்பது கொலுசின் முன்னால். வெள்ளிக் கொலுசைப் படம் எடுப்பது முகத்தைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு மணியும் ஒரு குண்டுக் கண்ணாடி. அறையில் இருக்கிற எல்லாமே அதற்குள் தெரியும்: ஜன்னல், டியூப்லைட், என் சுடிதார், என் கை. புதிதாக வருகிறவர்கள் போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்று வாங்குவார்கள். தண்ணீரிலும் இலையிலும் கண்ணாடியிலும் அது போகும். வெறும் உலோகத்தில் போகாது, உலோகம் திருப்பி அனுப்புகிற ஒளி அந்த மாதிரி ஒரே திசையில் அதிர்வதில்லை. கொலுசுக்கு வேண்டியது ஃபில்டர் இல்லை, வெள்ளை. நாலு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு வெளியிலிருந்து விளக்கைக் காட்டி, லென்ஸ் நுழைகிற அளவு ஒரு பிளவு மட்டும் விட வேண்டும். அப்போது மணிக்குள் தெரிவதெல்லாம் வெண்மையாகிவிடும். பிறகு அளவாக ஒரு கறுப்பு அட்டையை ஓரத்தில் நிறுத்தினால் மணியின் விளிம்பு கோடு போட்ட மாதிரி எழுந்து வரும். அந்தக் கறுப்புக் கோடு இல்லாவிட்டால் வெள்ளி, அலுமினியம் மாதிரி தெரியும். அட்டையை ஓர் அங்குலம் நகர்த்தினால் கொலுசே வேறு கொலுசாகிவிடும். அதற்காக நான் அரைமணி நேரம்கூடச் செலவழித்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு சின்னப் பொருளைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் 90 அல்லது 100 மி.மீ. அளவில் வேண்டும், 50 மி.மீ. மேக்ரோ வேண்டாம். நீளம் குறைந்தால் பொருளுக்கு மிக அருகில் போக வேண்டியிருக்கும், லென்ஸின் நிழலே கொலுசு மேல் விழும். உள்ளதை உள்ள அளவில் சென்சாரில் விழ வைத்தால், எஃப் 8இல்கூட (எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறுக்கும்) ஃபோகஸில் இருக்கிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் வராது. அதற்காக எஃப் 22க்கு மூடினால் ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மழுங்கிவிடும். எஃப் 8, எஃப் 11இலேயே நின்று, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பதுதான் வழி.

இரண்டாவது உதாரணம், ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை. ராத்திரி, வண்டி நகர்கிறது, அதன் மேல் சாமி வேஷம் கட்டியவர்கள், சுற்றிலும் கலர் விளக்கு, கூட்டம் தள்ளும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, 6400 வைத்து மணல்மணலாக எடுக்கிற படத்தை, பிரைமில் 640இல் எடுக்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டாவதாக வாங்க வேண்டிய லென்ஸ் இதுதான், சந்தேகமே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சின்ன சென்சார் கேமராவில் 50 என்பது 75 அல்லது 80 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும். வண்டி முழுவதும் வேண்டுமானால் 35 வாங்குங்கள். அந்த கலர் விளக்குகள் நிறைய, நொடிக்கு நூறு தடவை மினுங்குகிறவை. ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கில் வைத்தால் படத்தில் பட்டை விழாது.

ஏற்காட்டுக் காட்டெருமையைப் படம் எடுக்க 70-300 மி.மீ. ஜூம் போதும். தள்ளி நின்று எடுங்கள். காப்பித் தோட்டத்து ஓரத்தில் சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போகிற விலங்கு அது இல்லை. மூடுபனிக்குத் தனி லென்ஸ் எதுவும் வேண்டாம், ஆனால் கேமராவின் மீட்டர் ஏமாந்துவிடும். எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்ப்பது அதன் பழக்கம். வெண்பனியைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து இருட்டாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூட்டி வையுங்கள், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி வெள்ளையாகவே விழும்.

பாடியில் பலர் ஏமாறுவது லென்ஸ் மாட்டுகிற வளையமான மவுண்ட்டில். சித்தி மகன் ஒருவன் நிக்கான் டி5300 பழையது வாங்கினான், கூடவே மலிவாகக் கிடைத்ததென்று பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. லென்ஸும் வாங்கினான். "அக்கா, ஃபோகஸே ஆக மாட்டேங்குது, லென்ஸ் கெட்டுப்போச்சா?" என்று போன். கெடவில்லை. 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிற ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி வகைதான் தானாக ஃபோகஸ் ஆகும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருகிறது, பெரும்பாலான லென்ஸ் மாட்டத்தான் செய்யும். மாட்டுவதும் வேலை செய்வதும் வேறு வேறு.

கேனானும் நிக்கானும் 2018இல், டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய மவுண்ட்டுகளைக் கொண்டுவந்தார்கள். புது லென்ஸ்கள் வருவது இப்போது அந்தப் பக்கம்தான். வேலைக்காக வாங்குகிறவர் மிரர்லெஸ் வாங்குவது சரி. கற்றுக்கொள்ள வாங்குகிற மாணவருக்கு நல்ல பழைய டிஎஸ்எல்ஆர் போதும், மிச்சப் பணத்தில் ஒரு பிரைம், ஒரு டப்பா. மிரர்லெஸ்ஸில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி குறைவு. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., மிரர்லெஸ்ஸின் இசட் மவுண்ட்டில் 16. அந்த வித்தியாசத்தை ஓர் அடாப்டர் நிரப்பிவிடும், அதனால் பழைய கை ஃபோகஸ் லென்ஸ்கள் எத்தனையோ அதில் மறுபடி உயிர் பெறுகின்றன.

பழையது வாங்கப் போகும்போது டார்ச் கொண்டு போங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் சாய்த்து அடித்துப் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பயமில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல், கிளை, ஓரத்தில் மங்கல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். துளைத் தகடுகளில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, ஜூம் வளையம் மணல் அரைக்கிற மாதிரி நறநறக்கிறதா, மவுண்ட்டின் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்ப நிலைக் கேமராக்கள் ஒரு லட்சம் படத்தை வைத்துச் சோதிக்கப்பட்டவை, அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். விற்கிறவர் எங்கே வைத்திருந்தார் என்றும் கேளுங்கள். "பையிலேயேதான் இருந்துச்சு" என்றால் டார்ச்சை இன்னொரு தடவை அடியுங்கள்.

ட்ரைபாடில் நான் பட்டுவிட்டேன். மலிவாக ஒன்று வாங்கினேன். கேமராவை மாட்டுகிற தட்டு பிளாஸ்டிக். ஒரு விடியலில், ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்றபோது, கீழே சேலத்து விளக்குகள் இன்னும் அணையாமல் இருந்தபோது, அந்தத் தட்டு 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. கேமராவைக் கையில் பிடித்துவிட்டேன், லென்ஸ் முன்னால் மாட்டுகிற நிழல் வளையமான ஹூட் மட்டும் பாறையில் மோதி உடைந்தது. அன்று ஹூட் இல்லையென்றால் முன்கண்ணாடி போயிருக்கும். ட்ரைபாடில் முதலில் தலையைப் பாருங்கள், தட்டு உலோகமா என்று பாருங்கள். உங்கள் கேமரா, லென்ஸ் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாக வாங்குங்கள். நடுக்கம்பத்தை உயர்த்தாமல் எடுக்கப் பழகுங்கள், மலைக்காற்றில் அதுதான் முதலில் ஆடும்.

கடையில் லென்ஸோடு யூவி ஃபில்டரையும் தள்ளிவிடுவார்கள். டிஜிட்டல் சென்சாருக்கு அது தேவையே இல்லை. கடலோரத்திலும் மணல் பறக்கிற இடத்திலும் காப்புக்குப் போடலாம், மற்றபடி மலிவுக் கண்ணாடி ஒன்றை நல்ல லென்ஸ் முன்னால் நிறுத்தினால் இரவு விளக்குகளுக்கெல்லாம் இரட்டை விழும். அந்தப் பணத்தில் ஹூட் வாங்குங்கள். கிளியூர் அருவிக்கு போலரைசர் நிஜமாகவே உதவும், ஈரப் பாறையின் பளபளப்பை எடுத்துவிட்டு அடியிலிருக்கும் பாசியின் பச்சையைக் கொண்டுவரும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும், அதற்கு ட்ரைபாட் வேண்டும்.

பேட்டரியை மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில், வெளியே எடுத்து வையுங்கள். உப்பிய பேட்டரியை அன்றே தூக்கிவிடுங்கள், கேமராவுக்குள் மாட்டிக்கொண்டால் எடுக்க முடியாது. கார்டில் போலிகள் நிறைய, பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள், கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கல்யாணத்துக்கு ஒரே கார்டில் முழு நாளையும் எடுக்காதீர்கள். தாலி கட்டுவது ஒரு தடவைதான்.

துடைப்பதில் அவசரம் கூடாது. வேட்டி நுனி, துப்பட்டா நுனி இரண்டும் வேண்டாம். நம் ரோட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அது கண்ணாடியை விடக் கடினம். துணியால் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி கீறும். அதனால் முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், லென்ஸின் முகம் தரையைப் பார்க்கட்டும். போகாததை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். விரல்ரேகை இருந்தால் மட்டும் லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிவட்டமாகத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16 வைத்து வெற்று வானத்தை ஒரு படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் தூசிதான். ப்ளோயருக்குப் போகவில்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாமாவின் லென்ஸை பாய் பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார். கிளைகள் போய்விட்டன. டார்ச் அடித்தால் அந்த மரத்தின் நிழல் மாதிரி ஒரு மங்கல் தடம் மட்டும் தெரிகிறது. சூரியனுக்கு எதிரே வைத்தால் படம் கொஞ்சம் வெளுக்கும், மற்ற நேரம் ஒன்றும் தெரியாது. சித்தி மகன் வேண்டாமென்று கொடுத்த டி5300இல் அதை மாட்டி, டப்பா, மணி, முள் வைத்த ஈரமானி எல்லாவற்றையும் சேர்த்து மாமாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கேமராவில் அந்த லென்ஸை மாட்டினால் மீட்டர் வேலை செய்யாது, எல்லாம் கையால் வைக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா வாசலுக்குப் போய் வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல வெயிலு. ஐஎஸ்ஓ நூறு, ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சு, எஃப் பதினாறு" என்று சொல்லி வளையத்தைத் திருப்பினார். சரியாக விழுந்தது. பங்குனியில் பூமழை பெய்து காப்பிச்செடி வெள்ளையாகப் பூத்து நின்ற மூன்று நாளும் அவர் வீட்டுக்குள்ளேயே இல்லையாம், அத்தை சொன்னார்.

போன வாரம் மழை நாளில் போன் வந்தது.

"கண்ணு, முள்ளு அறுபதைத் தாண்டப் பாக்குது. மணியெல்லாம் பச்சையாயிருச்சு. அடுப்புல வெச்சுரட்டுமா?"

"வைங்க மாமா. சிம்முல வைங்க. சமையல் வாணலி வேண்டாம்."

"அதெல்லாம் உங்கத்தை தனியா ஒண்ணு எடுத்து வெச்சுட்டா" என்றார். பின்னால் கரண்டி புரளும் சத்தம் கேட்டது.